மாணவர் கட்டுரைகளில் தொடர்த் திருத்தம்

முன்னுரை

மாணவர் எழுதும் கட்டுரைகளைப் படித்துத் திருத்துதல் தமிழாசிரியர்க்கு நாள்தோறும் உரிய பணி. ஆயினும், அப்பணிக்குரிய நெறி யாது என்று நாம் அமர்ந்து எண்ணுவது அரிது. பிழை கண்ட இடத்தில் சிவப்புக் கோடு இடுகின்றோம். அதன்மேல் நம் சொல்லை எழுதுகின்றோம். இறுதியில் மதிப்பெண் இட்டு ஏட்டை மூடுகின்றோம். அக்கோடு ஏன் விழுந்தது என்பதை மாணவர் அறிந்தனரா, நாம் மாற்றிய சொல் உண்மையில் மாற்றத்தக்கதுதானா என்னும் இரு வினாக்களையும் நாம் எழுப்புவதில்லை. இவ்விரண்டனுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருத்தம் மூவகைப்படும். கட்டுரையின் பொருளையும் வைப்பு முறையையும் சீர்செய்வது ஒன்று. ஒவ்வொரு தொடரின் அமைப்பையும் சீர்செய்வது மற்றொன்று. எழுத்தும் ஒற்றும் குறியீடும் பிழைபடாமல் காத்து மெய்ப்புப் பார்ப்பது மூன்றாவது. இவற்றுள் நடுவணதாகிய தொடர்த் திருத்தத்தையே ஈண்டுச் சிறப்பாக எடுத்துக்கொள்கின்றோம். ஏனைய இரண்டும் அதனோடு தொடர்புற்ற அளவிற்கே இடம்பெறும்.

எடுத்துக்காட்டுகளுக்குக் காட்டுப்பள்ளியைப் பற்றிய தொடர்களை அமைத்துக்கொண்டோம். அவை எந்த ஒரு மாணவர்க்கும் தனியே உரியன அல்ல; 'எம் ஊர்' என்னும் தலைப்பில் அப்பகுதி மாணவர் எழுதுவதில் பரவலாகக் காணும் போக்குகளை ஒட்டி யாமே இயற்றியவை. எண்ணூர்க் கழிமுகத்திற்கு வடக்கே, வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாயை அடுத்த கழிநிலத்திற்கும் இடையே நீண்டு கிடக்கும் மணற்பரப்பில் உள்ள ஊர் காட்டுப்பள்ளி. அதன் வடக்கே பழவேற்காட்டு ஏரி. மேற்கே மீஞ்சூரும் பொன்னேரியும். வடமேற்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. வலைத்தொழிலும் உப்பு விளைத்தலும் நிகழ்ந்த நிலப்பகுதியில் இன்று துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் ஆலைகளும் நிற்கின்றன. அங்கிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் இருவகை மொழியை உடன்கொண்டு வருகின்றனர். ஒன்று வீட்டில் கேட்ட வழக்கு மொழி. மற்றொன்று அறிவிப்புப் பலகையிலும் அலுவலக மடலிலும் செய்தித்தாளிலும் கண்ட எழுத்து மொழி. இவ்விரண்டும் ஒரே தொடரில் கலந்து நிற்றலால், திருத்துவோன் எதனைக் களைவது, எதனைக் காப்பது என்னும் வினா அப்பகுதிக் கட்டுரைகளில் கூர்மையாக எழுகின்றது.

முன்னோர் காட்டிய நெறி

தொடர்த் திருத்தம் தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம், சொற்கள் ஒன்றோடொன்று இயைந்து தொடராகும் திறத்தையும், அவ்வியைபு பிறழும் இடங்களையும், பிறழ்ந்தும் அமையும் இடங்களையும் கூறுகின்றது. வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் மூன்றும் அவ்வியலைக் கொண்டே விளக்கம் பெற்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நேரும் என வகுத்தார். நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து என எண்ணியவரும் அவரே. இன்று கட்டுரையின் ஓரத்தில் நாம் எழுதும் குறிப்புகளுள் பெரும்பாலானவை இவ்வேழு வழுக்களுள்ளும் பத்துக் குற்றங்களுள்ளும் அடங்கும்.

இவற்றுள் வழுவமைதி என்னும் கருத்து நாம் பெரிதும் போற்றத்தக்கது. பிறழ்வனவெல்லாம் பிழையாகா என்பதை இலக்கணமே ஒப்புக்கொண்டு, காரணம் காட்டி அமைதி கூறுகின்றது. திருத்துவோன் கையில் இருக்கவேண்டிய முதற் கருவி இதுவே.

உரைநடை அச்சேறிய காலத்தில் இந்நெறியைப் புதுமுறையிற் கைக்கொண்டவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவிய அவர், பிழையற்ற பதிப்புகளுக்குப் பெயர் பெற்றார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறியீடுகளை ஒழுங்குறக் கையாண்டு, தொடரின் உறுப்புகள் கண்ணுக்குப் புலனாகுமாறு செய்தார். எங்கு நிறுத்துவது என்று எண்ணுவோன் எச்சம் எங்கு முடிகின்றது என்றும் எண்ணியே ஆகவேண்டும். ஆதலின் அவருடைய குறியீட்டு முறை தொடரமைப்பைத் தெளிவாக்கும் கருவியாகவும் பயன்பட்டது.

மற்றொரு பாடத்தை உ. வே. சாமிநாதையரின் (1855–1942) பதிப்புப் பணி தருகின்றது. 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட அவர், சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடங்களைத் துணிந்தார். பொருள் விளங்காத இடத்தில் தம் சொல்லைப் பெய்து நிரப்புதல் பதிப்பாசிரியர்க்கு உரிய செயலன்று என்பதை அப்பணி உணர்த்துகின்றது. பெரும்புலவர் காப்பியத்திற்குக் காட்டும் அந்த மதிப்பில் ஒரு சிறு பங்கேனும் மாணவர் ஏட்டிற்கும் உரியது. திருத்துவோன் அவ்வேட்டின் ஆசிரியனாகிவிடுதல் கூடாது.

எழுவாயும் பயனிலையும்

தொடரைத் திருத்தப் புகுவோன் முதலிற் காணவேண்டுவது பயனிலை. அதனைக் கண்டபின், அப்பயனிலைக்குரிய எழுவாய் யாது என வினவவேண்டும். இவ்விரண்டும் இயைந்து நின்றால் தொடர் பெரும்பாலும் தானே நிமிர்ந்துவிடும்.

"கழியில் வலை விரித்துக் காத்திருந்த மீனவர்களின் படகுகள் விடியும்வரை அங்கேயே நின்றது" என்னும் தொடரில் 'படகுகள்' பன்மை, 'நின்றது' ஒருமை. இரண்டுக்கும் இடையே சொற்கள் பல நின்றமையால் எழுதுவோர் எழுவாயை மறந்தனர். 'நின்றன' எனத் திருத்துவது எளிது. ஆனால், எழுவாய்க்கும் பயனிலைக்கும் கோடு இட்டு இணைத்துக் காட்டினாலன்றி, அடுத்த கட்டுரையிலும் அதே பிழை வரும்.

"ஒவ்வொரு மீனவர்களும் தன் வலையைச் செப்பனிட்டனர்" என்பதில் மூன்று இடர்கள் உள. 'ஒவ்வொரு' என்பது ஒருமையை வேண்டுவது. அதனோடு 'மீனவர்கள்' இயையாது. 'தன்' என்பது ஒருமைக்குரியது. 'செப்பனிட்டனர்' என்னும் முற்று பன்மைக்குரியது. "மீனவர் ஒவ்வொருவரும் தம் வலையைச் செப்பனிட்டார்" எனில் தொடர் சீர்படும். உயர்வு குறித்து வந்த ஒருமைக்குத் 'தம்' என்பது பொருந்தும். "இது ஆறு அல்ல" என்பதும் இவ்வகையினதே. 'அல்ல' பலவின்பாற்கு உரியதாதலின் "இஃது ஆறன்று" என்றும், "இவை ஆறுகள் அல்ல" என்றும் வேறுபடுத்தி எழுதுதல் மரபு.

இனி, திருத்தக்கூடாத ஓரிடத்தையும் இங்கே சுட்டவேண்டும். "பத்துப் படகு கரையில் நின்றன" என்று மாணவர் எழுதினால், 'படகுகள்' என்று மாற்றும் வேட்கை நமக்கு எழும். அது வேண்டாத மாற்றம். அஃறிணைப் பெயரோடு கள்ளீறு சேர்தலைக் கொள்ளுமிடத்துக் கொள்க எனத் தொல்காப்பியர் விட்டிருக்கின்றார். ஈறு சேராத பெயரின் ஒருமை பன்மைகளை வினை காட்டிவிடும். 'படகு நின்றது', 'படகு நின்றன' என்னும் இரண்டும் வழாநிலையே. இலக்கணம் தந்த உரிமையை மாணவர் ஏட்டிலிருந்து பறித்தல் திருத்தமாகாது.

எச்சமும் முற்றும்

தமிழ்த் தொடர் வினையெச்சங்களால் நீள்வது. அந்நீட்சி அழகும் ஆகும், இடரும் ஆகும். "ஆலை கடல்நீரை எடுத்து, உவர் நீக்கி, மக்கள் குடிக்கின்றனர்" என்னும் தொடரை நோக்குக. எடுத்ததும் நீக்கியதும் ஆலை, குடிப்பவர் மக்கள். 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே முற்றிற்கும் வேண்டுவது. ஈண்டு வினைமுதல் இடையில் மாறியது. "ஆலை கடல்நீரை எடுத்து உவர் நீக்கித் தர, மக்கள் குடிக்கின்றனர்" எனச் 'செய' என்னும் எச்சம் ஒன்று பெய்தவுடன் முடிச்சு அவிழ்கின்றது. அவ்வெச்சம் பிறவினைமுதலையும் ஏற்பது.

ஆயினும், வினைமுதல் மாறிய இடமெல்லாம் பிழை எனக் கோடிடுதல் தகாது. மழை பெய்து நெல் விளைந்தது என்னும் வாய்பாட்டை உரையாசிரியர்கள் எச்சத் திரிபாகக் கொண்டு அமைதி கூறினர். பெய்தல் காரணம், விளைதல் காரியம். இடையறவின்றி ஒன்றிலிருந்து ஒன்று பிறத்தலால் பொருள் மயங்கவில்லை. அவ்வாறே "புயல் வீசிப் படகுகள் உடைந்தன" என்று மாணவர் எழுதின், அதனை அவ்வாறே விடலாம். ஆலைத் தொடரில் அந்தக் காரணகாரிய இயைபு இல்லை. திருத்துவோன் நோக்கவேண்டுவது வாய்பாட்டை மட்டுமன்று. பொருள் மயங்குகின்றதா என்பதையும் ஆகும்.

பெயரெச்சமும் அடைமொழியும் தரும் மயக்கம் வேறு வகையினது. "கடலில் மூழ்கிய மீனவரின் படகு கிடைத்தது" எனில், மூழ்கியது மீனவரா, படகா? எழுதியவர் படகையே கருதியிருக்கக்கூடும். படிப்போரோ ஒரு மீனவரின் மறைவுக்கு வருந்துவர். அடைமொழியை அதற்குரிய பெயரின் அருகே அமர்த்தி, "மீனவர் ஒருவரின் படகு கடலில் மூழ்கியது, பின்னர் அது கிடைத்தது" எனப் பிரித்தெழுதுதல் நலம். மயக்கத்தை நீக்கும் வழிகளுள் தொடரை இரண்டாக்குதலே எளியது என்பதை மாணவர்க்குக் கூறவேண்டும். நெடுந்தொடரே புலமை எனும் எண்ணம் அவர்களிடம் வேரூன்றியுள்ளது.

செய்தவர் யார்?

மாணவர் உரைநடையில் இன்று மிகப் பெருகியிருப்பது 'படு' என்னும் துணைவினை. "ஆலை அமைக்கப்பட்டது", "ஆய்வு மேற்கொள்ளப்பட்டது", "மக்கள் மாற்றப்பட்டனர்", "எனக் கூறப்படுகிறது" என்று தொடருக்குத் தொடர் அது வருகின்றது. செயப்பாட்டு வினை தமிழுக்கு அயலானதன்று. 'எனப்படுப' என்னும் ஆட்சி தொல்காப்பியத்திலேயே உண்டு. செய்தவரைக் கூறாமல் விடுதலும் நம் மரபிற்கு ஏற்றதே. செயப்படுபொருளைச் செய்தது போலக் கூறுதலைத் தொல்காப்பியர் அமைத்துக்கொண்டார். திண்ணை மெழுகிற்று என்பது அதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு.

ஆயின், திண்ணை மெழுகிற்று என்னும்போது மெழுகியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அது வீட்டார் அனைவரும் அறிந்தது, அறியாவிடினும் குறைவில்லை. "மீனவர்கள் வேறு இடத்திற்கு மாற்றப்பட்டனர்" என்னும் தொடர் அத்தகையதன்று. ஓர் ஊர் இடம்பெயர்வது திண்ணை மெழுகுவதைப் போன்றதன்று. மாற்றியவர் யார், எந்த ஆணையால், எந்த ஆண்டில், எவ்விடத்திற்கு என்னும் வினாக்கள் அத்தொடரின் உள்ளேயே நிற்கின்றன. 'படு' என்னும் ஒரு துணைவினை அவற்றையெல்லாம் மூடிவிட்டது. நன்னூலார் கூறிய குன்றக் கூறல் என்னும் குற்றம் இது.

இவ்விடத்தில் ஆசிரியர் 'பட்டனர்' என்பதை அடித்துத் தாமே ஒரு வினைமுதலை எழுதிவிடுதல் கூடாது. ஓரத்தில் "யார்?" என ஒரு சொல் எழுதுவதே போதும். அவ்வொரு சொல் மாணவரை ஏட்டிலிருந்து எழுப்பி ஊருக்கும் நூலகத்திற்கும் அனுப்பும். தொடர்த் திருத்தம் வெறும் சொல்லழகு வேலை என்று கருதுவோர் இவ்விடத்தை நோக்குதல் வேண்டும். இலக்கணத்தின் வினைமுதலைத் தேடப் புகுந்தவர் வரலாற்றின் வினைமுதலைத் தேடுகின்றார். செய்தவர் பெயரின்றி நூறு தொடர் எழுதிப் பழகியவர், பின்னர்ப் பட்டம் பெற்று ஆய்வேடு எழுதும்போதும் அவ்வாறே எழுதுவர்.

"எனக் கூறப்படுகிறது" என்பதற்கும் இதே விதி பொருந்தும். கூறியவர் எழுதுவோரின் தந்தையாயின், "எம் ஊர் மீனவர் கூறுவர்" என எழுதுவதில் இழிவொன்றும் இல்லை. அது கட்டுரைக்கு வலுவும் தரும். கூற்று எவருடையது எனப் படிப்போர் எடைபோடவும் இடமளிக்கும்.

பிறமொழித் தொடரின் நிழல்

ஆங்கிலத் தொடரமைப்பைத் தழுவிய சில ஆட்சிகள் மாணவர் எழுத்தில் நிலைபெற்றுவிட்டன. "மீன், இறால் மற்றும் நண்டு" என்பதில் 'மற்றும்' என்னும் சொல் எண்ணும்மையின் வேலையைச் செய்கின்றது. "மீனும் இறாலும் நண்டும்" என்றோ, "மீன், இறால், நண்டு ஆகியவை" என்றோ கூறுதல் தமிழ் இயல்பு. "எம் ஊர் ஒரு பள்ளியைக் கொண்டுள்ளது" என்பது "எம் ஊரில் பள்ளி ஒன்று உண்டு" என நின்றால் போதும். "அவர்கள் ஆய்வை மேற்கொண்டனர்" என்பதினும் "அவர்கள் ஆய்ந்தனர்" என்பது செறிவுடையது. வினையைப் பெயராக்கி, அப்பெயருக்கு வேறொரு வினையைத் தேடுதல் மிகைபடக் கூறலின்பாற்படும்.

சொல்லிணைப்பு மரபும் இவ்வாறே பிறழ்கின்றது. "எம் பகுதியில் உப்பு தயாரிக்கின்றனர்" என எழுதுகின்றனர். உப்பு விளைவது, அதனை விளைவிப்பது உழைப்பாளர் தொழில். வீட்டில் 'உப்பு விளையுது' என்று பேசும் மாணவரே ஏட்டில் 'தயாரிக்கின்றனர்' என எழுதுகின்றார். தம் வழக்கில் நிற்கும் மரபுச் சொல் ஏட்டிற்கு ஆகாது என அவர் எண்ணிவிட்டார். இங்குத் திருத்தம் என்பது அவருடைய சொல்லை அவருக்கே மீட்டுத் தருவதாகும்.

திருத்தத் தகாதன

மேற்கூறியது மற்றொரு பெரிய செய்திக்கு வழிகாட்டுகின்றது. நெய்தல் நிலத்து மாணவர் 'மீன்பாடு', 'கொண்டல்', 'கச்சான்', 'கழி', 'அளம்' என எழுதும்போது அவற்றை வட்டார வழக்கு என ஒதுக்கி, 'மீன் கிடைக்கும் அளவு', 'கிழக்குக் காற்று', 'மேற்குக் காற்று', 'உப்பங்கழி நீர்நிலை', 'உப்பு உற்பத்தி நிலம்' என மாற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. கழியும் அளமும் சங்கச் செய்யுளில் ஆட்சி பெற்ற சொற்கள். கொண்டல் இலக்கியத்திலும் உண்டு. இன்றும் கடற்கரையில் வாழ்கின்றது. இவற்றை மாற்றுதல், இருக்கும் செல்வத்தை எறிந்துவிட்டு இரவல் கொள்வதற்கு ஒப்பாகும்.

'பாடு' என்னும் சொல் இன்னும் நுண்ணியது. பழவேற்காட்டு ஏரியில் வலையிடும் இடங்களை மீனவர் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டிற்குப் 'பாடு' என்பது பெயர். அதனை 'மீன்பிடிக்கும் இடம்' என்று மாற்றினால், இடம் மட்டும் எஞ்சும். முறையும் உரிமையும் ஊர்க்கட்டுப்பாடும் அச்சொல்லோடு மறைந்துபோம். அச்சொல்லை நிறுத்தி, அதன் பொருளை ஒரு தொடரில் விளக்குமாறு மாணவரைப் பணித்தலே தக்கது.

இதற்கு இலக்கணச் சான்றும் உண்டு. சொல்லை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக்கிய மரபு திசைச்சொல்லைத் தள்ளவில்லை. ஒரு தொழிற் குழுவினர் தமக்குள் வழங்கும் குழூஉக்குறியை நன்னூலார் தகுதி வழக்கில் வைத்தார். மீனவர் தொழிற்சொற்கள் முற்றும் குழூஉக்குறி ஆகாவிடினும், குழுவழக்கு என்னும் அளவில் அதற்கு அணுக்கமானவை. அவற்றை வழு என்பார்க்கு இலக்கணத்தில் இடமில்லை.

எழுத்தும் ஒற்றும்

மெய்ப்புப் பார்த்தலைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். ஒற்றுப் பிழையை விதி கூறித் திருத்துவதினும் பொருள் காட்டித் திருத்துவது பயன் தரும். "நண்டைப் பிடித்தான்" என்பதில் இரண்டாம் வேற்றுமை விரிந்து நிற்கின்றது, ஒற்று மிகும். "நண்டு பிடித்தான்" என்பதில் அவ்வேற்றுமை தொக்கு நின்று வினை வந்தது, ஒற்று மிகாது. இவ்விரண்டையும் அருகருகே எழுதிக் காட்டிய பின்னர், "நண்டுப் பிடித்தான்" எனவும் "நண்டை பிடித்தான்" எனவும் எழுதுவோர் குறைவர்.

ரகர றகர மயக்கம் பொருளையே மாற்றிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவிற்று. அதனைப் பற்றி எழுதுவோர் "கரையில் எண்ணெய்க் கறை படிந்தது" என்னும் தொடரில் இரு சொற்களையும் இடம் மாற்றிவிட்டால், நிலம் எண்ணெயாகவும் எண்ணெய் நிலமாகவும் ஆகிவிடும். கணிப்பொறியின் பிழைதிருத்தி பெரும்பாலும் இதனைச் சுட்டாது. கரையும் கறையும் அகராதியில் உள்ள சொற்களே ஆதலின். கணிப்பொறியில் தட்டெழுதிய கட்டுரைகளில் வேறு சில பிழைகளும் புகுகின்றன. ஆகாரத்தின் துணைக்காலும் ரகரமும் ஒத்த வடிவின. ஔகாரக் குறியின் இறுதிப் பகுதியும் ளகரமும் ஒத்த வடிவின. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தட்டினால் கண் அதனைக் காணாது. பின்னர்ச் சொல்லைத் தேடும்போதுதான் அது கிடைக்காமல் போம்.

ஒரு பத்தியும் அதன் திருத்தமும்

மேற்கூறியவற்றை ஒரு பத்தியில் வைத்துக் காண்போம்.

"காட்டுப்பள்ளி ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் கழியையும் கொண்டுள்ளது. இங்கு கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை மற்றும் துறைமுகம் அமைக்கப்பட்டு மீனவர்கள் வேறு இடத்திற்கு மாற்றப்பட்டனர். ஒவ்வொரு மீனவர்களும் மீன்பாடு குறைந்ததால் வெகுதொலைவு கடலுக்குள் செல்லும் நிலை ஏற்பட்டுள்ளது. கொண்டல் அடிக்கும்போது கரையேறுவது கடினம்."

முதல் தொடரில் 'கொண்டுள்ளது' என்பதை மட்டும் குறித்தோம். இரண்டாம் தொடரில் 'இங்கு' என்பதன்பின் ஒற்று மிகவேண்டும், 'மற்றும்' நீங்கவேண்டும். அவை சிறியன. பெரியது, மூன்று நிகழ்ச்சிகள் ஒரே எச்சத்தால் பிணைந்து, ஒரே காலத்தில் ஒருவரே செய்தன போல் தோன்றுவது. அதனால் ஓரத்தில் "எது முன்? எது பின்? யார்?" என மூன்று வினா எழுதினோம். மூன்றாம் தொடரில் 'மீனவர்களும்' என்னும் எழுவாய் பயனிலை இன்றித் தனித்து நிற்க, 'நிலை' என்பது புதிய எழுவாயாகிவிட்டது. அங்கே "எழுவாய் எங்கே?" என்பது குறிப்பு, 'மீன்பாடு குறைந்தது' என்பதற்கு நேராக "எவர் கூற்று? எந்த ஆண்டு முதல்?" என்பது மற்றொரு குறிப்பு. நான்காம் தொடரை யாம் தொடவில்லை. அதுவே பத்தியின் சிறந்த தொடர்.

இக்குறிப்புகளுக்கு விடை தேடி மாணவர் திருத்தி எழுதின், பத்தியின் முற்பகுதி பின்வருமாறு அமையக்கூடும்:

"காட்டுப்பள்ளியின் ஒருபுறம் கடல், மறுபுறம் கழி. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இங்கு 2010இல் தொடங்கிற்று. மீஞ்சூர் ஆலை என வழங்கினும் அது நிற்பது காட்டுப்பள்ளியில். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் அளவினது. துறைமுகத்தை லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனம் அமைத்தது. 2013இல் செயற்படத் தொடங்கிய அத்துறைமுகத்தை 2018இல் அதானி நிறுவனம் வாங்கிற்று."

ஒரு தொடர் ஐந்து தொடர்களாயிற்று. ஆண்டும் அளவும் செய்தவர் பெயரும் வந்துவிட்டமையால், நீண்டது என எவரும் குறைகூறார். மீனவர் இடம்பெயர்ந்ததைக் கூறும் தொடரை யாம் எழுதிக் காட்டவில்லை. ஊர் முதியோரைக் கேட்டும் அரசாணைகளைப் பார்த்தும் அதனை எழுதவேண்டியவர் மாணவரே. மூன்றாம் தொடர், "மீன்பாடு குறைந்ததால் மீனவர் ஒவ்வொருவரும் கடலுள் வெகுதொலைவு செல்கின்றார்" எனச் சுருங்கும். 'நிலை ஏற்பட்டுள்ளது' என்னும் வெற்றுச் சொற்கள் உதிர்ந்தபின், கடலுக்குச் செல்லும் மனிதர் தொடரின் எழுவாயாகத் திரும்பி வருகின்றார்.

திருத்தும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து வகுப்பறைக்கு ஏற்ற முறையொன்றை வகுக்கலாம். முதலாவதாக, கட்டுரையை எழுதுகோல் இன்றி ஒருமுறை முழுதும் படித்தல் வேண்டும். மாணவர் கூறவந்தது யாது என அறியுமுன் கோடிடுவோன் பொருளைத் திருத்தான், தாளையே திருத்துவான். இரண்டாவதாக, ஒவ்வொரு தொடரிலும் பயனிலையையும் எழுவாயையும் கண்டு, இயையாத இடத்தை மட்டும் குறித்தல் வேண்டும். மூன்றாவதாக, விடையை எழுதாமல் குறியை எழுதுதல் வேண்டும். இயைபு பிறழின் 'இ', எச்சம் முடியாவிடின் 'எ', அடைமொழி இடம் பிறழின் 'அ', செய்தவர் விளங்காவிடின் 'யார்?', ஒற்று வேண்டின் 'ஒ' என ஐந்து குறிகள் போதும். நான்காவதாக, பிழைகள் மிகுந்த ஏட்டில் எல்லாவற்றையும் ஒரே நாளில் குறித்தல் வேண்டா. நாற்பது கோடுகளைக் கண்ட மாணவர் ஒன்றையும் கல்லார். ஒரு கட்டுரையில் இயைபு, அடுத்ததில் எச்சம் எனப் படிப்படியாகக் கொள்ளலாம். ஐந்தாவதாக, மாணவர் திருத்தி எழுதியதை முன்னதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அஃது இன்றேல் முன்னைய நான்கும் பயனிலவாம்.

மெய்ப்புப் பார்த்தல் இவையெல்லாம் முடிந்தபின் நிகழவேண்டியது. நீக்கப்போகும் தொடரில் ஒற்றுத் திருத்துவது வீண். ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் தாளை நோக்கும் பழைய அச்சுக்கூட முறை இன்றும் சிறந்தது. வாய் தடுமாறும் இடத்தில் பெரும்பாலும் தொடரும் தடுமாறியிருக்கும்.

ஐம்பது அறுபது ஏடுகளைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியர்க்கு இம்முறை காலம் கொள்ளும் என்று கூறலாம். விடையை எழுதுவதினும் குறியை எழுதுவது விரைவானது என்பதே அதற்கு மறுமொழி. உழைப்பின் பெரும்பங்கு மாணவர்பால் செல்கின்றது. கல்வியும் அவ்வுழைப்போடு அவர்பால் செல்லும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்தன இவை: தொடர்த் திருத்தம் எழுவாய் பயனிலை இயைபிற் தொடங்கவேண்டும், பொருள் மயங்கும் இடத்தையே வழு எனக் கொள்ளவேண்டும், வழுவமைதிக்கும் திசைச்சொல்லுக்கும் உரிய இடத்தை மாணவர்க்கும் தரவேண்டும், செய்தவர் மறைந்த தொடரை வினாவால் திருத்தவேண்டும். காட்டுப்பள்ளியைப் போல விரைந்து மாறிவரும் நிலப்பகுதிகளில் என்ன நிகழ்ந்தது என்பதை உள்ளிருந்து எழுதக்கூடியவர் அங்குப் பிறந்த மாணவர்களே. அவர்தம் சொல் அழியாமலும், அவர்தம் தொடர் மயங்காமலும் காத்துத் தருதல் தமிழாசிரியர் கடன். கிளவியாக்கத்தையும் நன்னூலையும் முதுகலை வகுப்பில் சூத்திரப் பொருளாக மட்டும் கற்பியாமல், இக்கடனுக்குரிய கருவிகளாகவும் கற்பித்தல் வேண்டும் என்பது எம் கருத்து.